மைக்கைக் கண்டால் மட்டும் பேசும் வீடு: 1986, சிங்கப்பூரில் பத்து நாள்

முதலில் மானத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த விமானத்தில், கழிவறைக் கண்ணாடியின் முன்னால் நின்றுகொண்டு, இங்கிலீஷை இங்கிலீஷ்காரி மாதிரி பேசிப் பழகினேன். சிங்கப்பூரில் பிறந்து, சிங்கப்பூரில் படித்து, ஆறு வருடம் அங்கேயே தமிழ் டீச்சராக இருந்தவள், சொந்த வீட்டுக்குப் போவதற்கு ஒத்திகை பார்த்தேன். "ஹவ் டூ யூ டூ" என்று நான்காவது தடவை சொல்லும்போது வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு சீனத் தாத்தா. அவர் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

வெளிநாட்டில் ஊடகம் படித்துக்கொண்டு, கள ஆய்வுக்குச் சொந்த ஊருக்கே போகலாமா என்று இரண்டு மூன்று பிள்ளைகள் மின்னஞ்சலில் கேட்டிருந்தார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. விலையெல்லாம் 1986-ஆம் வருடத்து விலை. இதைக் காட்டி இன்றைய டாக்சிக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், லண்டனிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம் தள்ளி இருந்த ஒரு பல்கலைக்கழகத்தில் உலக ஊடகமும் தொடர்பியலும் என்ற இரண்டு வருட முதுநிலைப் படிப்பு. நான் சேர்ந்தது 1985-இல். என் ஆய்வு, சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் வெளிநாட்டுச் செய்தியையும் நிகழ்ச்சிகளையும் எப்படிப் பார்க்கின்றன என்பது. ஈஸ்டர் விடுமுறையில் போய்ப் பேட்டிகளை ஒலிநாடாவில் பதிந்து வா என்றார் பேராசிரியர். ஆராய்ச்சி ஆராய்ச்சி என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பியது உண்மை. உள்ளுக்குள்ளே இருந்த காரணம் வேறு. என் அப்பா என்னிடம் பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது.

அப்பா ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் பண்டகசாலை மேற்பார்வையாளர். மாதா கோவிலில் நன்மை அப்பம் வாங்கப் போகும்போது எப்படி நடப்பாரோ, அப்படியேதான் கம்பெனி பஸ்ஸுக்கும் நடப்பார். பென்ஷன் வரும் டீச்சர் வேலையை விட்டுவிட்டுப் போகிறேன் என்று நான் சொன்னதும் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார், அதுவும் அம்மாவிடம்: "ஊர்ல எல்லாரும் சும்மா பேசுறாங்க, இவ பேசுறதைக் காசு கட்டிப் படிக்கப் போறாளாம்." அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. விமான நிலையத்துக்கும் வரவில்லை. என் கடிதங்களுக்கு அம்மாதான் பதில் போடுவார். அதில் "அப்பா நலம்" என்று இரண்டு சொல் இருக்கும். தந்தி அடித்தால்கூட மனிதர்கள் இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போடுவார்கள்.

சாங்கி விமான நிலையத்தில் இறங்கியது சனிக்கிழமை மாலை ஐந்து மணி. அன்றைக்கு ரயில் கிடையாது. அதற்காக ஊரையே தோண்டிப் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். தோ பாயோவில் இருந்த எங்கள் வீட்டுக்கு டாக்சியில் பத்து சிங்கப்பூர் வெள்ளிக்குக் கொஞ்சம் மேலே ஆனது. டிரைவர் தமிழர், ஐம்பது வயதிருக்கும். நான் ஒத்திகை பார்த்த இங்கிலீஷில் முகவரியைச் சொன்னேன். வேலை செய்தது. ரொம்ப நன்றாகவே வேலை செய்தது.

"சுத்திப் பாக்க வந்தீங்களாமா? முத தடவையா?" என்று தமிழில் கேட்டுவிட்டு, வழி நெடுக எனக்கு சிங்கப்பூரை விளக்கினார். இது கடல். இது அடுக்குமாடி வீடு, அரசாங்கம் கட்டிக் கொடுக்குது. இங்க குப்பை போட்டா ஃபைன். நானும் தலையை ஆட்டிக்கொண்டு வந்தேன். கடைசியில் கேட்டார்: "உங்க ஃப்ளைட் நம்பர் என்னாமா? நாளைக்கு நாலு நம்பர் எழுதணும்."

தெரியாதவர்களுக்கு: நாலு நம்பர் என்பது வார இறுதியில் குலுக்கும் நான்கு இலக்க லாட்டரி. சிங்கப்பூரில் எதைப் பார்த்தாலும் அதில் ஒரு நம்பர் இருக்கிறதா என்று தேடுவார்கள். தெருவில் கார் மோதினால், அடிபட்டவருக்குத் தண்ணீர் கொடுக்கும் முன்பு நம்பர் பிளேட்டைப் பார்க்கும் ஆட்கள் உண்டு. எங்கள் வீட்டில் மட்டும் அந்தப் பேச்சே கிடையாது. அப்பாவுக்கு லாட்டரி, சீட்டு, குதிரை எல்லாம் சாமியாரிடம் பாவ சங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய விஷயங்கள்.

டாக்சி நின்றதும் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழேயிருந்து அம்மா கூவினார். "ஏய் ஸ்டெல்லா! எலும்பும் தோலுமா வந்து நிக்கிறியே டி! அங்க சோறு போட மாட்டாங்களா?" டிரைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தோ பாயோ பொண்ணா லா நீ? கடலைக் காட்டினேனே, சொல்லக் கூடாதா?" என்றார், உள்ளூர்க்காரர்களிடம் மட்டும் போடும் 'லா'வோடு. மீதிச் சில்லறையை வாங்காமல் ஓடினேன்.

தொடர்பியலில் முதல் பாடம் இது. செய்தியை அனுப்புகிறவர் ஒருவர், பெறுகிறவர் ஒருவர், இடையில் ஒரு ஊடகம். எங்கள் வீட்டில் ஊடகம் அம்மா. ஒரே கூடம், ஒரே மேசை, எனக்கும் அப்பாவுக்கும் இடையே ஒரு மீன் குழம்புச் சட்டி. அப்பா சொல்வார்: "மேரி, அந்தப் பொண்ணு சாப்பிட்டுச்சான்னு கேளு." அம்மா என் பக்கம் திரும்பி, "சாப்பிட்டியான்னு கேக்குறாங்க" என்பார். "சாப்பிட்டேன்னு சொல்லுங்கம்மா" என்பேன். "சாப்பிட்டாளாம்." இப்படி மூன்று நாள். நான்காவது நாள் அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "நீங்க ரெண்டு பேரும் என்னை என்னா டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்னு நெனச்சீங்களா?" என்று கரண்டியை வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். அன்று இரவு வீட்டில் யாரும் யாருடனும் பேசவில்லை.

பகலில் நான் தேக்கா சந்தைக்குப் போவேன். தோ பாயோவிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம், நாற்பது காசு. கீழே மீன், ஆட்டிறைச்சி, கீரை. மாடியில் துணிக்கடைகளும் தையல்காரர்களும். ஊரை விட்டுப் போயிருந்த மாதங்களெல்லாம் கனவில் எனக்கு வந்தது என்ன தெரியுமா? யாரும் இல்லை, அந்தச் சந்தைத் தரையின் ஈரம்தான். செருப்பு சளக் சளக்கென்று ஒலிக்கும் அந்த ஈரம். போன முதல் நாள் வேண்டுமென்றே மீன் கடைப் பக்கமாக இரண்டு தடவை நடந்தேன். மீன்காரர், நான் பேரம் பேசத்தான் சுற்றுகிறேன் என்று நினைத்து விலையைக் குறைத்தார். வேண்டாத ஒரு கிலோ கெம்போங் மீனோடு ஆராய்ச்சியைத் தொடங்கினேன்.

பல்கலைக்கழகம் கொடுத்த டேப் ரெக்கார்டர் ஒரு குழந்தையின் கனம் இருக்கும். கூடவே பஞ்சுத் தொப்பி போட்ட ஒரு மைக். அதை வைத்துக்கொண்டு மாடியில் தையல்காரர் செல்வராஜு அண்ணனிடம் உட்கார்ந்தேன். என் பள்ளிக்கூட யூனிபார்மெல்லாம் அவர் தைத்ததுதான்.

"வெளிநாட்டு நியூஸா? எங்க பாக்குறது!" என்றார், வாயில் குண்டூசியோடு. "மலேசியா சேனல்ல தமிழ்ப் படம் வந்துட்டா என் வீட்டுக்காரி என்னை ஏரியல் கிட்ட நிக்க வச்சுருவா. அதைப் புடிச்சுக்கிட்டு 'வந்துச்சா, வந்துச்சா'ன்னு நான் கத்தணும். அவ உள்ளேருந்து 'இன்னும் இல்ல லா, லெஃப்ட்டு லா'ம்பா. இருவது வருஷமா நான் எந்தப் படத்தையும் பாத்ததில்ல, வசனம் மட்டும் மனப்பாடம்."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எல்லை தாண்டும் ஒளிபரப்பு, குடும்பத்துக்குள் அதிகாரம், தொழில்நுட்பத்தைக் கையாளும் உடல். ஒரு அத்தியாயமே கையில்! "அண்ணே, இதையே மறுபடி சொல்லுங்க" என்று பொத்தானை அழுத்தி மைக்கை நீட்டினேன். அண்ணன் குண்டூசியை எடுத்தார். தொண்டையைச் செருமினார்.

"வணக்கம். அண்டை நாட்டு ஒளிபரப்புகள் மக்களின் அறிவை வளர்க்கும் அரியதொரு சாதனமாக விளங்குகின்றன."

"அண்ணே, ஏரியல்?"

"தொழில்நுட்ப வளர்ச்சி வரவேற்கத்தக்கது."

எல்லாரும் இப்படித்தான். பூக்காரம்மா, வெற்றிலைக் கடைக்காரர், எங்கள் கோவில் உபதேசியார், யார் முன்னால் மைக்கை நீட்டினாலும் முதுகு நிமிரும், குரல் மேடை ஏறும். பேச்சுத் தமிழ் எங்கேயோ போய் ஒளிந்துகொள்ளும். மைக் என்றால் நமக்கு வானொலி, பட்டிமன்றம், தேர்தல் கூட்டம். அதன் முன்னால் யாராவது "வந்துச்சா, போச்சா" என்று பேசுவார்களா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்வது மாதிரி அது. பேராசிரியர் கொடுத்த நூலில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆறாவது நாள் முடிவில் என்னிடம் இருந்தது பதினோரு பேரின் சுதந்திர தின உரை.

பெரிய வெள்ளிக்கிழமை அன்று ஆராய்ச்சிக்கு விடுமுறை. எங்கள் வீட்டில் அன்று டிவி போடக் கூடாது, சத்தமாகப் பேசக் கூடாது. எங்கள் வீட்டுக்கு அது ஒன்றும் பெரிய தவமில்லை. ஆனால் இரவு இங்கிலீஷ் செய்தி முடியும் நேரத்துக்கு அப்பா மெல்ல எழுந்தார். டிவியைப் போட்டு, சத்தத்தை முழுக்கக் குறைத்து, இரண்டு நிமிடம் நின்றபடியே பார்த்துவிட்டு அணைத்தார். "ஆண்டவர் பாடுபட்ட நாளும் அதுவுமா என்னாங்க இது?" என்றார் அம்மா. "மணி பார்த்தேன்" என்றார் அப்பா. அவர் தலைக்கு மேலேயே கடிகாரம் தொங்கியது.

ஈஸ்டர் ஞாயிறு. மறுநாள் இரவு எனக்கு விமானம். ராணுவத்தில் இருந்த தம்பி ஜேம்ஸ் வார விடுப்பில் வந்திருந்தான். ஓஃபிர் ரோட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் கோவிலில் பூசை, பிறகு ஆட்டுக்கறி பிரியாணி. சாப்பிட்டு முடித்ததும் அம்மா என்னிடம் வந்தார். "அப்பா கேக்குறாங்க. ஊர்ல எல்லாரையும் பேட்டி எடுக்கிறாளே, நானும் நேயர் தானேன்னு."

அப்பா அறைக்குள் போனார். வரும்போது பூசைக்குப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையை மறுபடி போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, பேனாவைப் பாக்கெட்டில் குத்தியிருந்தார். "குரலைத்தான்பா எடுக்கப் போறாங்க, படம் இல்ல" என்றான் ஜேம்ஸ். அப்பா அவனைப் பார்த்த பார்வையில் அவன் ரெக்கார்டரைத் தூக்கி மேசையில் வைத்தான். பொத்தானை அழுத்தினேன்.

"வணக்கம்" என்றார் அப்பா. எட்டு மாதத்தில் என் முகத்தைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை.

"வணக்கம். உங்கள் பெயர்?"

"ம. சூசை."

"உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர்?"

"நால்வர். ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார்."

நான் அவருக்கு எதிரே இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"தொலைக்காட்சியில் எதை விரும்பிப் பார்க்கிறீர்கள்?"

"செய்தியின் இறுதியில் வரும் உலக வானிலை."

"ஏன்?"

"என் மகள் லண்டனில் முதுநிலைப் படிப்புப் படிக்கிறார். அவருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. சிறு வயதில் மழையில் நனைந்தாலே இழுப்பு வரும்." பிறகு, நான் கேட்காமலே தொடர்ந்தார். "சென்ற திங்கட்கிழமை லண்டனில் குறைந்தது மூன்று, கூடியது ஒன்பது. செவ்வாய் ஐந்து, பதினொன்று. புதன் இரண்டு, எட்டு. பிப்ரவரியில் ஒரு நாள் சுழியத்துக்கும் கீழே போனது. அன்று இரவு நான் உறங்கவில்லை."

நான் படித்த ஊர் லண்டன் இல்லை என்று முன்பே சொன்னேன். லண்டனில் வெயிலடித்தால் எங்களுக்கு மழை பெய்யும். ஆய்வாளர் பேட்டி கொடுப்பவரைத் திருத்தக் கூடாது என்பது விதி. நான் விதியைக் கடைப்பிடித்தேன்.

"இதை உங்கள் மகளிடம் சொல்லியிருக்கிறீர்களா?"

"எங்கள் இல்லத்தில் அதற்கான வசதி இல்லை."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். அடுத்த கேள்வி என் தாளில் இல்லாதது. "மகளுக்கு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?"

அப்பா மைக்கின் பஞ்சுத் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்கள். எடுத்த படிப்பை நடுவில் விட வேண்டாம், முடித்துவிட்டே வரச் சொல்லுங்கள். வீட்டில் யாருக்கும் கோபம் இல்லை என்று சொல்லுங்கள். சேர்த்துவிடுவீர்கள் அல்லவா?"

"சேர்த்துவிடுகிறேன்."

"நன்றி. வணக்கம்."

ஜேம்ஸ் பொத்தானை அழுத்தினான். டக். அப்பா எழுந்து சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார். "மேரி, அந்தப் பொண்ணுக்கும் சேத்து டீ போடு."

மறுநாள் அப்பா விமான நிலையத்துக்கு வந்தார். பெட்டியை அவர்தான் தூக்கினார். பேசவில்லை. உள்ளே போகும் நேரம் வந்தது. எல்லாரும் நிற்கிறோம். எனக்கு என்ன தோன்றியதோ, கைப்பையைத் திறந்து மைக்கை எடுத்து அப்பாவின் முன்னால் நீட்டினேன். சுற்றி நின்ற ஜப்பானியர்கள், ஏதோ பெரிய மனிதர் என்று விலகி வழிவிட்டார்கள். ரெக்கார்டரில் பேட்டரி கிடையாது. கசிந்து மெஷினைக் கெடுத்துவிடும் என்று முந்தின நாள் இரவே கழற்றித் தனியாகத் தாளில் சுற்றி வைத்தவர் அப்பாதான்.

அப்பா காலரைச் சரிசெய்துகொண்டார்.

"இன்று லண்டனில் நான்கு, பத்து. ஸ்வெட்டர் பெட்டியில் வேண்டாம், கையிலேயே இருக்கட்டும்."

விமானத்தில் இந்தத் தடவை கழிவறைக்குப் போனது ஒத்திகை பார்க்க இல்லை. ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அங்கே வெகுநேரம் இருந்தேன். மறுபடி கதவைத் தட்டினார்கள்.

படிப்பை முடித்தேன். ஆய்வைத் திருத்திய பெரியவர் ஒருவர் அப்பாவின் பேட்டிக்குப் பக்கத்தில் ஓரக் குறிப்பு எழுதியிருந்தார்: ஆய்வாளருக்கும் இந்த நேயருக்கும் இடையே நெருக்கம் உருவாகவில்லை, இதைச் சேர்க்க வேண்டாம். சேர்க்கவில்லை. அந்த நாடா என்னிடம் இருக்கிறது. அதைப் போட்டுக் கேட்க மெஷின்தான் இல்லை. நான் திரும்பி வந்த பிறகு அப்பாவும் நானும் சாதாரணமாகப் பேச ஆரம்பித்து, சாதாரணமாகவே சண்டையும் போட்டோம். அவர் போய்ப் பல வருடமாகிறது. ஆனாலும் எந்த ஊரில் இருந்தாலும் இரவுச் செய்தியின் கடைசியில் ஊர்ப் பெயர்கள் வரிசையாக வரும்போது, சிங்கப்பூர் வரும்வரை எழுந்திருக்க மாட்டேன். இருபத்தைந்து, முப்பத்திரண்டு. வருடம் முழுக்க அதேதான். அதற்காக நான் கவலைப்படவும் முடியாது.

இனி, கிளம்ப நினைக்கும் பிள்ளைகளுக்கு. சொந்த ஊரில் கள ஆய்வு செய்யலாம், தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் மைக்கை வெளியே எடுப்பதற்கு முன் அரை மணி நேரம் சும்மா பேசுங்கள், காது கொடுத்துக் கேளுங்கள். விஷயம் அதில்தான் வரும். தேக்காவுக்குக் காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். இப்போது லிட்டில் இந்தியா ரயில் நிலையம் வாசலிலேயே விடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை வேண்டாம், நிற்க இடமிருக்காது. தரை இப்போதும் ஈரம்தான், வழுக்காத செருப்பாகப் போடுங்கள். டாக்சியில் ஏறினால் பொய் உச்சரிப்பு வேண்டாம். வீட்டிலிருப்பவர்களைக் கடைசி நாளுக்கு என்று ஒதுக்கி வைக்காதீர்கள், முதல் நாளே பேட்டி எடுத்துவிடுங்கள். நான் எட்டு நாளை வீணாக்கினேன்.

போன மாதம் பாசிர் ரிஸ்ஸில் ஜேம்ஸ் வீட்டில் இந்தக் கதையைச் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். அவன் பிள்ளைகள் கண் கலங்கிவிட்டார்கள். ஜேம்ஸ் மட்டும் எலும்பைக் கடித்துக்கொண்டே சிரித்தான்.

"அக்கா, அப்பாவுக்கு அந்த டெம்பரேச்சர் எல்லாம் எப்படி ஞாபகம் இருந்துச்சுன்னு நீ யோசிக்கவே இல்லையா? மூணு, ஒம்போதுன்னா ஜீரோ த்ரீ ஜீரோ நைன். நீ அங்க இருந்த ரெண்டு வருஷமும் அப்பா அதைத்தான் நாலு நம்பர் எழுதினாரு. அம்மாவுக்குத் தெரியாம, நான்தான் வாராவாரம் கடைக்குப் போயி வாங்கிட்டு வருவேன்."

"அடிச்சுதாடா?" என்று கேட்டேன்.

"ஒரே ஒரு தடவை" என்றான். "ஆறுதல் பரிசு."